பேச்சுப்போட்டிக்கு ஏர் இந்தியா கதைய ரெடி பண்றது எப்படிங்க

ஸ்கூல்ல தலைப்பு ஏர் இந்தியான்னு குடுத்துட்டாங்களா? மொதல்ல பையன்கிட்ட இருக்கற ஃபோன வாங்கி வெச்சுருங்க, இல்லீன்னா கண்ணுல பட்ட வருசத்தையெல்லாம் ஒட்டுக்கா மனப்பாடம் பண்ணிப்போட்டு மேடையில மூணாவது வருசத்துலயே முழிச்சுட்டு நிப்பான். அஞ்சு நிமிசத்துக்கு நாலு வருசம் போதுங்க, 1932, 1946, 1953, 2022. ஒவ்வொண்ணுலயும் "இப்ப ஓனரு யாரு"ன்னு கேட்டு பதில் சொல்லிட்டே போகச் சொல்லுங்க, கதை தானா நகரும்.

ஆரம்பிக்கறது மாட்டு வண்டியில இருந்து. 1932 அக்டோபர் 15, ஜே.ஆர்.டி. டாடா தபால் மூட்டைய ஏத்திக்கிட்டு கராச்சியில இருந்து சின்ன புஸ் மாத் விமானத்த தானே ஓட்டிட்டு வர்றாரு, நடுவுல அகமதாபாத்துல பெட்ரோல் வந்தது மாட்டு வண்டியிலதான், அப்பறம் பம்பாய் ஜுஹுவுல எறங்கறாரு. இங்க ஒரு வெசயம், பம்பாய்ல இருந்து பெல்லாரி வழியா மெட்ராஸ் வரைக்கும் ஓட்டுனது டாடாவோட கூட்டாளி பைலட்டு நெவில் வின்சென்ட். முக்கால்வாசி புள்ளைக டாடாவே மெட்ராஸ் வந்தாருன்னு சொல்லிப்போடுவாங்க, வெவரம் தெரிஞ்ச ஜட்ஜு உக்காந்திருந்தா மார்க்கு போச்சு.

1946ல டாடாவோட அந்த விமானக் கம்பெனி ஷேர் விக்கற பப்ளிக் கம்பெனி ஆச்சு, ஏர் இந்தியாங்கற பேரும் அப்பத்தான், கம்பெனி சின்னமான மீசை வெச்ச மகாராஜா பொம்மையும் அதே வருசம், கம்பெனி ஆளு பாபி கூக்காவும் ஓவியர் உமேஷ் ராவும் பண்ணுனது. 1948 ஜூன்ல பம்பாய்ல இருந்து லண்டனுக்கு 'மலபார் பிரின்சஸ்'ங்கற விமானம் கெளம்புச்சு. இத ஒரே வரியில முடிச்சுருங்க.

1953தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டிய எடம். கவர்மெண்டு கம்பெனிய எடுத்துக்குது, ஆனா டாடாவையே சேர்மனா வெச்சுக்குது, அவரும் 1978 வரைக்கும் இருக்காரு. இத நம்மூரு கூட்டத்துக்கு புரிய வைக்கோணும்னா கவர்மெண்டு ஜவுளிக் கம்பெனியான என்டிசியோட மில்லுகளச் சொல்லுங்க. கோயமுத்தூர்ல தனியார் கிட்ட இருந்து கவர்மெண்டு எடுத்த மில்லுல வேலை பாத்த தாத்தா யாராச்சும் கூட்டத்துல கண்டிப்பா இருப்பாரு, தலைய ஆட்டுவாரு பாருங்க. ஒரே வித்தியாசம், அந்த மில்லுக நொடிச்சுப்போனதால எடுத்தது, இது நல்லா ஓடிட்டிருக்கறப்பவே எடுத்தது. அதே சமயம் உள்நாட்டு கம்பெனி எட்ட சேத்து இந்தியன் ஏர்லைன்ஸ்னு தனியா ஆரம்பிச்சாங்க, பீளமேட்டு ஏர்போர்ட்டுல பழைய ஆளுக ஏறி எறங்குனது அதுலதான், ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

வளர்ச்சிய காட்ட ஜெட் விமானம் போதும். 1960ல போயிங் 707, அதே வருசம் நியூயார்க், 1962லயே ஜெட்டு மட்டும் வெச்சிருக்கற கம்பெனி ஆயிருச்சு, 1971ல ஜம்போங்கற போயிங் 747. அப்பறம் 1990, ஈராக் குவைத்துக்குள்ள பூந்தப்ப அங்க மாட்டுன நம்மாளுகள ஜோர்டான் நாட்டு அம்மான்ல இருந்து ரெண்டு மாசத்துல 1,70,000 பேர்கிட்ட கூட்டிட்டு வந்தது, குரல ஏத்திப் பேச இத விட நல்ல எடம் கெடையாது. சோகத்த மறைக்க வேண்டாம், 1985ல குண்டு வெடிச்சு விழுந்த கனிஷ்கா விமானம், 2025ல அகமதாபாத் விபத்து, ரெண்டையும் நிதானமா சொல்லிட்டு நகந்துரலாம்.

கடைசி ஓனரு. 2007ல இந்தியன் ஏர்லைன்ஸோட சேத்த பொறவு கடன் மலையா ஏறிப்போச்சு, 18,000 கோடிக்கு ஏலம் கேட்டு 2022 ஜனவரி 27ல டாடாவே திரும்ப வாங்கிட்டாங்க, அடுத்த வருசம் 470 விமானத்துக்கு ஆர்டர்.

ஜட்ஜு ஒண்ணு கேக்க வாய்ப்பிருக்கு, "தனியாருகிட்ட போனப்பறம் இது எப்படிப்பா தேசிய விமானம்?" பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1987லயே தனியாரா போயும் இன்னும் அந்த நாட்டு கொடிய சுமக்குதுங்கய்யான்னு சொல்லச் சொல்லுங்க.