ஒளிந்து நின்று எடுக்காதீர்கள்: டச்பே மாலைகளில் மனிதர்களைப் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலை ஐந்து மணிக்குப் பிறகு டச்பே கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். கச்சான் பையோடு நடக்கும் குடும்பங்கள், பட்டம் விடும் பிள்ளைகள், மணலில் கால் நீட்டிக் கடலையே பார்த்துக்கொண்டிருக்கும் வயதானவர்கள். யாரும் கமராவுக்காக நிற்பதில்லை. இயல்பான மனிதப் படங்கள் எடுக்கத் திருகோணமலையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஆனால் புதிதாகக் கமரா வாங்கியவர்கள் இங்கே செய்யும் தவறுகளைப் பார்க்கக் கவலையாக இருக்கிறது.

அதில் பெரியது, ஒளிந்து நின்று எடுப்பது. 300 மில்லிமீற்றர் லென்ஸைப் போட்டுக்கொண்டு தூரத்தில் நின்றால் முகம் மட்டும் பெரிதாக வரும். கடல் வராது, பக்கத்தில் இருப்பவர் வரமாட்டார், அது எந்த ஊர் என்றே தெரியாது. அதைவிட முக்கியம், அந்த நீட்டு லென்ஸ் தன் பக்கம் திரும்பியிருப்பதைப் பார்ப்பவரின் மனநிலை. யுத்தத்தைக் கண்ட ஊர் இது. யாரோ தன்னைப் பதிவு செய்கிறார் என்ற பயம் பலருக்கு இன்னும் போகவில்லை. நான் ஒருமுறை அப்படி எடுத்தபோது, ஒரு அம்மா முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். காற்று வாங்க வந்தவரை நான் விரட்டிவிட்டேன். அந்தப் படத்தை அன்றைக்கே அழித்தேன்.

இப்போது நான் போடுவது, கிட்டப் போய் எடுக்க வேண்டிய 35 அல்லது 50 மில்லிமீற்றர் லென்ஸ்தான். பிரான்சின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே பிரெசோன் பெரும்பாலும் 50-ஐத்தான் பயன்படுத்தினார். கமராவை எல்லோருக்கும் தெரியும்படி கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரே இடத்தில் இருங்கள். முதலில் எல்லோரும் பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அவரவர் கதைக்குத் திரும்பிவிடுவார்கள். படம் அப்புறம்தான் வரும். எடுத்தபின் போய்க் காட்டுங்கள்: "அம்மா, நீங்க இருந்த விதம் வடிவா இருந்தது, ஒரு படம் எடுத்தனான், பரவாயில்லையா?" வேண்டாம் என்றால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள்.

பிள்ளைகள் விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். தாய் தகப்பனிடம் கேட்காமல் எடுக்கவே வேண்டாம். பாடசாலைச் சின்னம் தெரியும் படத்தை, அவர்கள் சம்மதித்திருந்தாலும், முகநூலில் போடாதீர்கள். எந்தப் பிள்ளை, எந்தப் பாடசாலை என்று முன்பின் தெரியாதவருக்கும் அது சொல்லிக்கொடுத்துவிடும்.

அடுத்தது வெளிச்சம். டச்பே கிழக்குப் பார்த்த கரை. மாலையில் சூரியன் ஊர்ப்பக்கம் இறங்குவதால், கடலைப் பார்த்து இருப்பவர்களின் முகம் நிழலில் இருக்கும். தண்ணீரோரம் நின்று கரையை நோக்கி எடுத்தால், பின்னால் உள்ள பிரகாசமான வானத்தை வைத்துக் கமரா கணக்குப் போட்டு முகத்தைக் கறுப்பாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது கமரா பதியும் வெளிச்சத்தின் அளவை, ஒரு ஸ்டொப் (இரண்டு மடங்கு) கூட்டுங்கள். அல்லது காலை ஆறரைக்கு வாருங்கள், அதே முகங்களில் வெயில் நேராக விழும். மாலை வெயில்தான் வேண்டும் என்றால் உட்துறைமுக வீதிக்குப் போங்கள். அது மேற்குப் பக்கம். தண்ணீரைப் பார்த்து நிற்பவர்களின் முகத்தில் கடைசி வெளிச்சம் விழும்.

ஷட்டர் வேகத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். நடப்பவருக்கு 1/250 செக்கன், அலையோடு ஓடும் பிள்ளைக்கு 1/500-க்குக் குறையக் கூடாது. இருட்ட இருட்ட ஐஎஸ்ஓவை, அதாவது கமரா வெளிச்சத்தை உணரும் திறனை, கூட்டுங்கள். படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பரவாயில்லை, முகம் கலங்கினால் திருத்தவே முடியாது.

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பிரட்றிக் கோட்டைக்குள் புள்ளிமான்களைக் கண்டு நின்றுவிடும் மனிதர்கள் நல்ல படங்கள் தருவார்கள். ஆனால் அது இராணுவம் இருக்கும் இடம். முகாம், காவலரண், சிப்பாய்கள் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம். சந்தேகம் இருந்தால் வாசலில் நிற்பவரிடமே கேளுங்கள்.