எக்செல் கண்டிஷனல் ஃபார்மட்டிங்: நிறம் தவறும் இடங்கள்

சென்னைப் பாரிமுனை, ஆண்டர்சன் தெருவில் காகித மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையின் பாக்கிப் பட்டியலைச் சரிசெய்து தரும்படி அண்மையில் என்னை அழைத்திருந்தார்கள். கெடு தேதி கடந்த பில் சிவப்பாகத் தெரிய வேண்டும் என்பதே அவர்கள் எக்செலில் வைத்திருந்த ஒரே விதி. ஆனால் மூன்று மாதம் கடந்த பில்கள் வெள்ளையாகவே இருந்தன. பட்டியலின் அடியில் இருந்த வெற்று வரிசைகள் சிவந்து கிடந்தன. கணக்குப் பிள்ளை விதியை நான்கு முறை அழித்து, நான்கு முறை மறுபடி போட்டிருந்தார். இதைத்தான் முதல் தவறாகச் சொல்வேன். நிபந்தனைக்கு ஏற்பச் செல்லுக்கு நிறம் தரும் வசதியான கண்டிஷனல் ஃபார்மட்டிங் ஒவ்வொரு செல்லிடமும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற விடையை மட்டுமே கேட்கிறது; விடை தவறாக இருக்கும்போது நிறத்தை மாற்றிப் பயனில்லை.

ஆகவே விதிக்குள் எழுதவிருக்கும் சூத்திரத்தை முதலில் பக்கத்திலுள்ள ஒரு காலி நெடுவரிசையில் எழுதி, கீழ்வரை இழுத்துப் பாருங்கள். ட்ரூ, ஃபால்ஸ் என்று வரும் விடைகளில் எந்த வரிசை பிசகுகிறது என்பது கண்ணுக்கு நேராகத் தெரிந்துவிடும். (சூத்திரங்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன்; கணினியில் ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும்.) அந்தக் கடையில் =டி2<டுடே() என்று (டி நெடுவரிசையில் கெடு தேதி; டுடே() என்பது இன்றைய தேதி) எழுதி இழுத்ததும், வெள்ளையாக நின்ற பழைய பில்கள் அனைத்தும் ஃபால்ஸ் என்றன. அதாவது, விதி சரி. தேதிதான் தேதியாக இல்லை.

இந்தத் தேதிச் சிக்கலைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனெனில் நம் ஊரில் நான் காணும் பிழைகளில் பெரும்பங்கு இதுதான். எக்செல் தேதியை ஓர் எண்ணாகவே சேமிக்கிறது. 2023 மார்ச் 15 என்பது அதற்கு 45000. கணினியின் வட்டார அமைப்பு (ரீஜனல் செட்டிங்ஸ்) அமெரிக்க முறையில் விடப்பட்டிருந்தால், 25/06/2024 என்று நாம் தட்டுவதில் இருபத்தைந்தாம் மாதம் என்று ஒன்று இல்லாததால், அது வெறும் எழுத்தாகவே தங்கிவிடும். எண்ணையும் எழுத்தையும் ஒப்பிடும்போது எக்செலுக்கு எழுத்துதான் எப்போதும் பெரியது. எனவே அந்தத் தேதி எத்தனை ஆண்டு கடந்தாலும் ‘இன்றைக்கு முந்தியது’ ஆகாது, பில்லும் சிவக்காது. இதைவிட ஆபத்தானது 05/06/2024. அது ஜூன் 5 ஆக இல்லாமல் மே 6 ஆகச் சத்தமின்றி மாறி, நிறமும் எடுத்துக்கொண்டு, எல்லாம் சரி என்ற தோற்றத்தைத் தரும். எழுத்தாக நிற்கும் தேதிகளை, டேட்டா மெனுவின் டெக்ஸ்ட் டு காலம்ஸ் வழியாகச் சென்று மூன்றாம் படியில் ‘டிஎம்ஒய்’ தேர்ந்தெடுத்துத் திருத்தலாம். நாளும் மாதமும் இடம் மாறிப்போனவற்றுக்கு, வட்டார அமைப்பைச் சரிசெய்துவிட்டு மூலப் பில்லைப் பார்த்து மீண்டும் பதிவதே பாதுகாப்பு.

வெற்று வரிசைகள் சிவந்ததற்குக் காரணம் எளிது: ஒப்பீட்டில் காலி செல் பூஜ்யமாகக் கொள்ளப்படுகிறது, பூஜ்யம் இன்றைய தேதியைவிடச் சிறியது. =ஆண்ட்($டி2<>"",$டி2<டுடே()) என்று எழுதினால், அதாவது செல் காலியாக இல்லை, தேதியும் கடந்துவிட்டது என்ற இரண்டும் உண்மையா என்று கேட்டால், அது தீர்ந்துவிடும்.

ஒரு செல்லுக்குப் பதிலாக முழு வரிசைக்கும் நிறம் வேண்டுமென்றால், நெடுவரிசையை நகராமல் பிடித்து வைக்கும் டாலர் குறி ($டி2) அவசியம். அதை விட்டுவிட்டால், ஏ நெடுவரிசை டி-யைப் பார்க்கும், பி நெடுவரிசை இ-யைப் பார்க்கும், சி நெடுவரிசை எஃப்-ஐப் பார்க்கும். பலகையில் அங்குமிங்கும் திட்டுத் திட்டாக நிறம் படியும். டாலர் சரியாக இருந்தும் நிறம் வேறு வரிசையில் விழுந்தால், நீங்கள் தேர்வு செய்த திசையைச் சந்தேகியுங்கள். 400ஆம் வரிசையில் தொடங்கி மேல்நோக்கி இழுத்துத் தேர்ந்தெடுத்தவர் சூத்திரத்தில் டி2 என்று எழுதினால், 400ஆம் வரிசைதான் இரண்டாம் வரிசையைப் பார்த்து நிறம் எடுக்கும். விதியைத் திறந்து பார்க்கும்போது பத்து லட்சத்தைத் தாண்டிய வரிசை எண் ஒன்று அதில் தென்பட்டால், நடந்தது இதுதான். தாளில் இருப்பதே மொத்தம் 10,48,576 வரிசைகள். மேலே இடமில்லாதபோது கணக்கு கீழிருந்து சுற்றி வருகிறது.

கண்ணுக்குத் தெரியும் மதிப்பை நம்பிவிடுவதும் ஒரு தவறு. கல்லூரி வருகைப் பதிவில் 75% என்று காட்டும் செல்லுக்குள் 74.6% இருக்கலாம், ‘75%-க்குக் கீழ்’ என்ற விதி அதைச் சிவப்பாக்கும்போது, விதி பொய் சொல்லவில்லை. தசம இடங்களைக் கூட்டிக் காட்டுங்கள், அல்லது முழு எண்ணாக்குவதுதான் நிர்வாகத்தின் முடிவு என்றால் சூத்திரத்திலேயே ரவுண்டு சேருங்கள். அந்த முடிவை விரிதாளிடம் விடக்கூடாது.

விதிப் பெட்டியில் சூத்திரத்தைத் திருத்தும்போது அம்புக்குறி விசையை அழுத்தினால், இடம் நகர்வதற்குப் பதிலாகச் சம்பந்தமில்லாத செல் முகவரி உள்ளே நுழைந்துவிடும். எத்தனை ஆண்டுப் பழக்கம் இருந்தாலும் எரிச்சலூட்டும் ஒன்று. எஃப்2 விசையை ஒருமுறை அழுத்திவிட்டுத் திருத்துங்கள். வாட்ஸ்அப்பில் வந்த சூத்திரத்தை அப்படியே ஒட்டுவதானால், அதிலுள்ள வளைந்த மேற்கோள் குறிகளை நேர்க்குறிகளாக மாற்ற வேண்டும். தொடக்கத்தில் சமக்குறியை மறந்தால், எக்செல் முழுச் சூத்திரத்தையும் மேற்கோளுக்குள் போட்டு வெறும் சொல்லாக ஆக்கிவிடும்.

‘கெடு கடந்தது’ மஞ்சள், ‘30 நாளுக்கு மேல் கடந்தது’ சிவப்பு என்று இரண்டு விதிகள் இருந்தால், கடுமையானதை மேலே வையுங்கள். இரண்டும் பொருந்தும் செல்லில் மேலே உள்ள விதியின் நிறமே நிற்கும்.

கடைசியாக, கண்டிஷனல் ஃபார்மட்டிங் மெனுவில் உள்ள மேனேஜ் ரூல்ஸ் பட்டியலைத் திறந்து, மேலே ‘திஸ் ஒர்க்‌ஷீட்’ என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். செல்களை நகலெடுத்து ஒட்டும்போதெல்லாம் அவற்றின் விதியும் கூடவே ஒட்டிக்கொண்டு, எல்லைகள் துண்டு துண்டாகப் பிரிகின்றன. அந்தக் காகிதக் கடையில் ஒரே விதி அறுபதுக்கு மேற்பட்ட துண்டுகளாகக் கிடந்தது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்து, ‘அப்ளைஸ் டு’ பெட்டியில் $ஏ$2:$இ$400 என்று எல்லையை ஒரேயடியாக எழுதினோம். இனி ஒட்டும்போது பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் மட்டும் என்று கணக்குப் பிள்ளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்துக்கொண்டார்.