'மலக்காத்தே': வேர் தேடும்போது வழுக்கும் இடங்கள்

மெக்சிகோவின் பழைய வெள்ளிச் சுரங்கங்களைப் பற்றிப் படித்தால் 'மலக்காத்தே' என்ற ஸ்பானியச் சொல் தவறாமல் எதிர்ப்படும். ஆழத்திலிருந்து தாதுவையும் தண்ணீரையும் மேலே இழுத்த சாதனம் அது. செங்குத்தான அச்சு, அதன் உச்சியில் கயிறு சுற்றும் பெரிய உருளை, கீழே நீண்ட கட்டைகள், அவற்றில் பூட்டிய குதிரைகள் அல்லது கோவேறு கழுதைகள். தமிழில், கிணற்றில் மாடு பூட்டி நீர் இறைக்கும் 'கவலை' என்று எழுதக் கை போகும், வேண்டாம். கவலையில் மாடு சரிவில் இறங்கி ஏறும். இது செக்குமாட்டுச் சுற்று.

'மால்' என்றால் ஸ்பானியத்தில் கெட்டது. அதை வைத்து இந்தச் சொல்லைப் பிரிக்கப் பார்ப்பதுதான் பெரிய சறுக்கல். இது ஸ்பெயினிலிருந்து கப்பலேறி வந்த சொல்லே அல்ல. அஸ்டெக் மக்கள் பேசிய நவாட்டல் மொழியின் 'மலக்கத்ல்' இது. 1571-ல் மெக்சிகோ நகரில் அச்சான அலோன்சோ தே மோலினாவின் அகராதியில் அதற்குப் பொருள், நூல் நூற்கும் கதிர். நம் தக்களிதான்! இழையைச் சுற்றிக்கொண்டு சுழலும் குச்சியின் பெயர், கயிற்றைச் சுற்றிக்கொண்டு சுழலும் தூணுக்கும் ஆகிவிட்டது.

நவாட்டலின் கடைசி 'த்ல்' ஸ்பானிய வாயில் 'தே' ஆகும். 'தொமத்ல்' அப்படித்தான் 'தொமாத்தே' ஆனது. தக்களிக்கும் தக்காளிக்கும் தமிழில் ஒரு கால்தான் வித்தியாசம். அங்கே இரண்டும் ஒரே வழியில் ஸ்பானியத்துக்குள் நுழைந்தவை. அதற்காக 'தே'யில் முடிவதையெல்லாம் அஸ்டெக் கணக்கில் எழுதக் கூடாது. கப்பலில் நங்கூரம் இழுக்கும் 'காப்ரெஸ்தாந்தே' ஐரோப்பியச் சரக்கு.

கிரேனுக்கு ஸ்பானியப் பெயர் 'குருவா'. அதற்குப் பின்னால் கொக்கு போன்ற நெடுங்கால் பறவையின் லத்தீன் பெயர் இருக்கிறது. கார் தூக்கும் ஜாக்கி 'காத்தோ', அதாவது பூனை. இந்த ருசியில் மலக்காத்தேக்குள்ளும் ஒரு விலங்கைத் தேடுவது வீண். அதன் விலங்குகள் வெளியே நின்று சுற்றியதோடு சரி.

காலத்தையும் இடத்தையும் பார்க்காமல் பொருள் சொல்வது இன்னொரு தவறு. இன்றைய மெக்சிகோவில் மோட்டாரில் ஓடும் வின்ச்சும் மலக்காத்தேதான். தொல்லியலாளர்களுக்கோ அது தக்களிக் குச்சியில் செருகும் சுடுமண் வட்டு. கீழடியிலும் அந்த வகைப் பொருள்கள் கிடைத்திருக்கின்றன. ஆகவே அகழாய்வுக் குழியில் மலக்காத்தே கிடைத்தது என்று ஓர் அறிக்கை சொன்னால், உள்ளங்கையில் அடங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். கோவேறு கழுதைகளை அல்ல.