லிம்போமாவும் பிடிகே புரதமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) மருந்துகளைப் பற்றித் தேடினால் 'புரூட்டன் டைரோசின் கைனேஸ்', சுருக்கமாக பிடிகே, என்ற பெயர் அடிக்கடி வரும். மருந்து அதைத் தடுக்கிறது என்று படித்ததுமே அதற்குப் 'புற்றுநோய்ப் புரதம்' என்று முத்திரை குத்திவிடாதீர்கள். அதன் இயல்பான வேலை வேறு.

1952-இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், ஓயாமல் நிமோனியா வந்துகொண்டிருந்த எட்டு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். அவன் ரத்தத்தில் ஆன்டிபாடிகள் அடங்கிய காமா குளோபுலினே தென்படவில்லை. இந்த நோய்க்குக் காரணமான மரபணு 1993-இல்தான் பிடிபட்டது. அந்த மரபணு உருவாக்கும் புரதம்தான் பிடிகே. ஆன்டிபாடிகளை உருவாக்கும் வெள்ளணுவான பி செல் எலும்பு மஜ்ஜையில் வளரும்போது 'சரி, மேலே போ' என்ற செய்தியை உள்ளே கடத்துவதில் அதற்குப் பங்கு உண்டு. அது இல்லாவிட்டால் செல் பாதியிலேயே நின்றுவிடும். எலியில் பார்த்ததை அப்படியே மனிதருக்குப் பொருத்துவதும் சரிவராது: பிடிகே இல்லாத எலிக்கு பி செல்கள் குறையும், அவ்வளவுதான், மனிதருக்கோ ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது.

லிம்போமாவில் பிடிகே பழுதாகியிருக்கும் என்று நினைப்பது அடுத்த தவறு. பி செல்களில் தோன்றும் மேன்டில் செல் லிம்போமா என்ற வகையில் 11, 14-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம்மாறி, செல் பெருக்கத்தைத் தூண்டும் சைக்ளின் டி1 புரதம் அளவுமீறிப் பெருகுகிறது. பிடிகே பொதுவாக ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் புற்றுசெல் பிழைத்திருக்க அந்தப் பழைய செய்திப் பாதையையே நம்பியிருக்கிறது. 2013-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இப்ருட்டினிப் மாத்திரை அங்கேதான் கைவைக்கிறது.

வீட்டில் எல்லோரும் பதறும் இடம் ஒன்று உண்டு. நாள்பட்ட லிம்போசைட்டிக் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு இந்த மாத்திரையைத் தொடங்கிய சில வாரங்களில் ரத்த ரிப்போர்ட்டில் லிம்போசைட் (ஒருவகை வெள்ளணு) எண்ணிக்கை எகிறும். நோய் முற்றிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. நிணநீர்க் கணுக்களில் ஒட்டிக்கிடந்த செல்கள் பிடி விட்டு ரத்தத்துக்குள் வருவதால்தான் பெரும்பாலும் இந்த ஏற்றம். அதே சமயத்தில் கழுத்துக் கட்டி சுருங்குவதைக் கையால் தொட்டே உணரலாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்து மருத்துவர் முடிவு சொல்லட்டும். அப்புறம், பல் பிடுங்கப் போனாலும் இந்த மாத்திரை சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ரத்தக்கசிவு அதிகமாகலாம்.

மருந்து கேட்காமல் போனால் அதே வகையில் இன்னொன்றுக்கு மாறினால் போதும் என்பதும் எப்போதும் சரியல்ல. இப்ருட்டினிப், அகாலாப்ருட்டினிப், ஜானுப்ருட்டினிப் மூன்றும் பிடிகேவின் 481-ஆவது இடத்திலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைத்தான் பற்றிக்கொள்கின்றன. அந்த சிஸ்டீன் செரீன் என்ற வேறு அமினோ அமிலமாக மாறிவிட்டால் மூன்றுக்குமே பிடிமானம் போய்விடும். பிர்டோப்ருட்டினிப் என்ற மருந்தோ அந்தப் பிணைப்பு இல்லாமலே வேலை செய்யும்.