ரிஸ்பாளை எழுதுவது எப்படி? வேதாகமப் பாத்திரத்திலிருந்து ஒரு வரலாற்றுக் கதை

முதல் கதைக்கே மோசேயையும் தாவீதையும் எடுக்காதீர்கள். அவர்களைப் பற்றி வேதாகமமே நிறையச் சொல்லிவிட்டது. ரிஸ்பாளை எடுங்கள். 2 சாமுவேல் 21-ஆம் அதிகாரம். இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலின் மறுமனையாட்டி. மூன்று வருடப் பஞ்சம் தீர, சவுலின் வம்சத்தில் ஏழு பேரை, சவுல் அழிக்கப் பார்த்த இனத்தாரான கிபியோனியரிடம் தாவீது ஒப்புக்கொடுக்கிறார். இருவர் இவள் பெற்ற பிள்ளைகள். மலையில் தூக்கிலிடப்பட்ட உடல்களைப் பகலில் பறவையும் இரவில் மிருகமும் தொடாதபடி, பாறைமேல் இரட்டுப்புடவையை (துக்கத்துக்கான முரட்டுத் துணி) விரித்து அவள் காவல் இருக்கிறாள்.

படி 1: அந்த அதிகாரத்தைக் கையால் எழுதிப் பாருங்கள். பிறகு இரண்டு பட்டியல் போடுங்கள்: சொன்னது, சொல்லாதது. சொன்னதை மாற்றக் கூடாது. ரிஸ்பாள் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. 3-ஆம் அதிகாரத்தில் அவளை வைத்து இரண்டு ஆண்கள் சண்டை போடும்போதும் அவள் பதில் அங்கே இல்லை. உங்கள் கதைக்கான இடம் அதுதான்.

படி 2: காலத்தைக் கணக்கிடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. வாற்கோதுமை அறுப்பு தொடங்கியதிலிருந்து மழை பெய்யும் வரை இருந்தாள் என்கிறது வசனம். அது எத்தனை நாள்? இஸ்ரேலில் கேசேர் என்ற பழைய ஊரில் 1908-இல் ஒரு சுண்ணாம்புக்கல் பலகை கிடைத்தது. உள்ளங்கை அளவுதான். ஏறக்குறைய கி.மு. 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. விவசாய மாதங்கள் அதில் வரிசையாக இருக்கின்றன: வாற்கோதுமை அறுப்பு ஒரு மாதம், கோதுமை அறுப்பு ஒரு மாதம், திராட்சை வேலை இரண்டு மாதம், கோடைப் பழம் ஒரு மாதம். அங்கே வழக்கமான முதல் மழை அக்டோபர் வாக்கில். அப்படியென்றால் ஏறக்குறைய ஆறு மாதம்! பருவம் தப்பிய மழை என்று கொண்டால் சில வாரங்களிலேயே முடிந்துவிடும். எது என்று நீங்கள் முடிவெடுங்கள். நான் ஆறு மாதத்தையே எடுப்பேன், கீழே வயல்களில் வேலை மாறிக்கொண்டே இருக்க, மேலே அவள் மட்டும் அசையாமல் இருப்பாள்.

படி 3: அவர்கள் சட்டத்தைப் பாருங்கள். தூக்கிலிடப்பட்டவனை அன்றே அடக்கம் செய்ய வேண்டும் என்கிறது வேதாகமத்தின் உபாகமம் என்ற புத்தகம், 21-ஆம் அதிகாரம். இங்கே அது நடக்கவில்லை. ஊரில் இதைக் கேட்கத் துணிந்தவர் ஒருவராவது இருந்திருக்க மாட்டாரா? உங்கள் இரண்டாவது பாத்திரம் கிடைத்துவிட்டது.

படி 4: பொருட்களைச் சரிபாருங்கள். நாணயம் கிடையாது, வெள்ளியை எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். இன்று அந்தப் பக்கம் எங்கும் தென்படும் சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்தது, அதையும் எடுத்துவிடுங்கள்.

படி 5: சரி, இப்போது ஒரே ஒரு காட்சி எழுதுங்கள். இப்படி:

“சாயங்காலக் காற்றில் களத்தில் கோதுமை தூற்றினார்கள். பதர் மலை வரை பறந்து வந்து அவள் தலையில் ஒட்டியது. தட்டிவிடக் கை எடுத்தாள். அதற்குள் ஒரு பருந்து தாழ்ந்தது. அந்தக் கையாலேயே கல்லை எடுத்தாள்.”

பேச்சே இல்லை, கவனித்தீர்களா? அவள் பேசும் முதல் வார்த்தையை மழை வரும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.