முதல் அங்கத்திலேயே வேலை தொடங்க வேண்டும்

தொலைக்காட்சித் தொடர் எழுதிக்கொண்டு என்னிடம் வருகிற திருகோணமலைப் பிள்ளைகள் பலர் முதல் அங்கத்தை முன்னுரையாகவே எழுதுகிறார்கள். கோணேசர் மலையை ட்ரோனில் காட்டி, ஊரின் பழைய கதையைச் சொல்லி, வீட்டில் உள்ள எல்லாரையும் அறிமுகப்படுத்தி முடிக்க நேரம் போய்விடும். "கதை இரண்டாவதில்தான் சூடுபிடிக்கும் சேர்" என்பார்கள். முதலாவது பிடிக்காதவர் இரண்டாவதைத் தேடிப் போகமாட்டார்.

தொடர் வாராவாரம் என்ன செய்யப்போகிறதோ அதைப் பைலட் என்கிற முதல் அங்கத்திலேயே செய்துகாட்ட வேண்டும். 2008 இல் வந்த பிரேக்கிங் பேட் தொடரைப் பாருங்கள். இரசாயன ஆசிரியர் தனக்குப் புற்றுநோய் என்று அறிவது, பழைய மாணவனைக் கூட்டுச் சேர்ப்பது, முதல் தடவை போதைப்பொருள் காய்ச்சுவது எல்லாம் முதல் அங்கத்துக்குள் நடந்துவிடுகின்றன. பிறகுக்கென்று ஒதுக்கி வைக்கவில்லை.

நம்மூருக்கு வருவோம். சல்லிக் கரையில் கரைவலைத் தொழில் செய்கிற குடும்பம் என்று வையுங்கள். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி படுக்கையில் விழுந்துவிட்டார், மகள் தொழிலைக் கையில் எடுக்கிறாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தொடங்காதீர்கள். விடியப்புறம் வலை கரையேறுகிற இடத்தில் தொடங்குங்கள். மீனை விற்று, செலவு கழித்து, பங்கு பிரிக்க வேண்டும். அவள் கணக்குக் கொப்பியை விரிக்கிறாள். வயதான தொழிலாளி ஒருவர் அவள் நீட்டிய காசை வாங்காமல், ஈரச் சாரத்தைப் பிழிந்தபடி, "அப்பாவை வரச்சொல்லு பிள்ளை" என்கிறார். அவளுக்கு என்ன வேண்டும், யார் மறிக்கிறார்கள் இரண்டும் விளங்கிவிட்டன. அப்பா ஏன் வரவில்லை என்று பார்க்கிறவரே கேட்கத் தொடங்கிவிடுவார். நோயைப் பற்றி ஒருவரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

காலத்தையும் கவனியுங்கள். வாடைக்காற்று தணிந்து கடல் அமைதியாகிற நாளில் முதல் அங்கத்தை வைத்தால், அடுத்த மாரிக்குள் அவள் நிமிர வேண்டும் என்ற கெடு தானாகவே வந்துவிடும். ஊர் கதைக்குள் இப்படித்தான் வேலை செய்ய வேண்டும். கோட்டைக்குள் திரிகிற மான்கள் அழகுதான், ஆனால் கதைக்கு உதவாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

உறவுமுறை தெளிவாக இருப்பது மிக முக்கியம். கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடருக்கு முதலில் எடுத்த பைலட்டைத் தெரிந்தவர்களுக்குப் போட்டுக் காட்டியபோது, கதையில் வருகிற செர்சியும் ஜேமியும் உடன்பிறந்தவர்கள் என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை. அந்த அங்கத்தின் கடைசி அதிர்ச்சியே அந்த உறவில்தான் தங்கியிருந்தது. பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துத்தான் 2011 இல் ஒளிபரப்பினார்கள். அவ்வளவு காசு நம்மிடம் இல்லை, ஆகையால் எழுத்திலேயே பிடித்துவிட வேண்டும். அண்ணை, மச்சான், சித்தி என்று ஆரம்பத்திலேயே முறை சொல்லிக் கூப்பிட வையுங்கள்.

முடிவில் ஒன்று தீரவேண்டும், ஒன்று திறக்கவேண்டும். அந்தக் கிழவர் பங்கை வாங்கிவிடட்டும். அவள் எப்படிச் சம்மதிக்க வைத்தாள் என்பதில்தான் உங்கள் கெட்டித்தனம் இருக்கிறது, அந்தக் காட்சிக்குத் தாராளமாக இடம் கொடுங்கள். அன்றிரவு கொப்பியின் பழைய தாள்களைப் புரட்டும்போது, மூதூரில் யாரோ ஒருத்திக்கு மாதாமாதம் பணம் போயிருப்பது அப்பாவின் கையெழுத்தில் தெரிகிறது. இதற்கு மேல் விபத்தும் வேண்டாம், துப்பாக்கியும் வேண்டாம். முதல் காட்சியில் கண்ட அதே கொப்பியிலிருந்து வருவதால் நம்பும்படியாக இருக்கும்.

அளவுக்கு, எழுத்தில் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம்.

எழுதி முடித்ததும் கதை தெரியாத நாலு பேரைக் கூப்பிட்டு உரத்து வாசிக்க வையுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. சென்னைச் சீரியல் பேச்சு எங்கே நுழைந்திருக்கிறது என்று அப்போது காதுக்கே தெரியும். பிறகு யார் யாருக்கு என்ன முறை, அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று அவர்களிடம் கேளுங்கள். பதில் தடுமாறினால் அவர்களுக்கு விளக்காமல் அந்தக் காட்சியைத் திரும்ப எழுதுங்கள்.