கொழும்பில் ஒரு கணிதக் கொப்பி, அமெரிக்காவில் எட்டு அணிகள்: பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தைப் பின்தொடரும் முறை

முதலில் ஒரு கணிதக் கொப்பி வாங்குங்கள். சதுரக் கட்டம் போட்டது, எண்பது பக்கம் போதும். வெள்ளவத்தையில் காலி வீதியோரக் கடை எதிலும் கிடைக்கும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் பந்தை மூலையில் வைத்துவிடும் பிள்ளைகளை நான் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். நானும் அப்படித்தான் வைத்தேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. என் பெறாமகளுக்கு இப்போது பதினைந்து வயது. பாடசாலை அணியில் பந்தைக் கொண்டுசெல்பவள் அவள்தான். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே இருபத்திரண்டு வயது வரை ஆடும் பெண்களை அவள் வாரந்தோறும் பார்க்கவேண்டும் என்பதற்காகவே இந்தக் கொப்பியைத் தொடங்கினேன்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் அடிக்கடி வரும் ‘கொன்பரன்ஸ்’ என்ற சொல்லை அகராதியில் தேடினால் ‘மாநாடு’ என்று வரும். அதை மறந்துவிடுங்கள். இங்கே அது, ஆண்டுதோறும் தமக்குள் ஆடிக்கொள்ளும் சில கல்லூரிகளின் கூட்டு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் முதற்பிரிவில் 350க்கும் மேற்பட்ட பெண்கள் அணிகள் இருக்கின்றன. அத்தனையையும் ஒருவர் பின்தொடர முடியாது. நவம்பர், டிசம்பரில் அவை பெரும்பாலும் வெளி அணிகளோடு ஆடும். ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை கூட்டுக்குள் ஆடும். நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது பகுதி.

புதியவர்கள் செய்யும் பிழை, பெயர்பெற்ற பெரிய கூட்டில் தொடங்குவது. பிக் டென் என்ற பெயரில் பத்து இருந்தாலும் இன்று அதில் 18 அணிகள். ஒரு மாதத்தில் களைத்துவிடுவீர்கள். ஐவி லீக் என்ற சிறிய கூட்டில் தொடங்குங்கள் என்பேன். பிரவுண், கொலம்பியா, கோர்னெல், டார்ட்மத், ஹார்வர்ட், பென்சில்வேனியா, பிரின்ஸ்டன், யேல் என எட்டே அணிகள். ஒவ்வொன்றும் மற்ற ஏழோடும் இருமுறை, ஒருமுறை சொந்தத் திடலில், ஒருமுறை எதிரணியின் திடலில் ஆடும். அணிக்கு 14 ஆட்டம், மொத்தம் 56. விளையாட்டுக்கான உதவித்தொகை இந்தக் கல்லூரிகளில் கிடையாது. எல்லாரும் படிக்க வந்தவர்கள், ஆடவும் செய்கிறார்கள். என் பெறாமகளுக்குக் காட்ட விரும்பியது இதைத்தான். அவள் கொலம்பியாவைத் தேர்ந்தெடுத்தாள். பெயர் கொழும்பைப்போல ஒலிக்கிறது என்பது அவள் காரணம். அதுவும் போதுமான காரணமே.

இனி நேரம். குளிர்காலத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரையைவிடக் கொழும்பு பத்தரை மணித்தியாலம் முன்னே நிற்கிறது. அங்கே வெள்ளி இரவு ஏழு மணி ஆட்டம் நமக்குச் சனி விடியற்காலை ஐந்தரை. பிள்ளைக்குப் பாடசாலை இல்லை, வீடும் அமைதி, தேநீரோடு உட்காரலாம். அங்கே சனி பிற்பகல் இரண்டு மணிக்கு என்றால் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. அதை விட்டுவிட்டுக் காலையில் புள்ளி விவரம் பார்ப்பதே நல்லது. மார்ச் இரண்டாம் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள். இடைவெளி ஒன்பதரை ஆகிவிடும். ஐவி லீக்கின் இறுதிச் சுற்று அதையொட்டியே வரும். முதல் வருடம் இதை அறியாமல் எழுந்து உட்கார்ந்தபோது அரையிறுதியின் முதற்பாதி முடிந்திருந்தது. அந்தத் தேதியைக் கொப்பியின் அட்டையிலேயே சிவப்பு மையில் எழுதிவையுங்கள்.

விதிகள் நம் பிள்ளைகளுக்குப் பழகியவைதான். 2015-16 பருவத்திலிருந்து பெண்கள் கல்லூரி ஆட்டம் பத்து நிமிடக் கால்பகுதிகள் நான்காக நடக்கிறது, சர்வதேச விதியைப்போல. ஆண்களுக்கு அங்கே இன்னும் இருபது நிமிடப் பாதிகள். பந்தை எறிய இங்கே 24 வினாடி, அங்கே 30. வலைப்பந்தாட்டத்திலிருந்து வரும் பிள்ளை பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதையே முதலில் பார்ப்பாள். பந்தில்லாத நால்வர் எங்கே நகர்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். வலைப்பந்தில் பழகிய கண் அதற்கு ஏற்கெனவே தயார்.

கொப்பியின் நடுப்பக்கத்தில் எட்டுக்கு எட்டுக் கட்டம் போடுங்கள். இடப்புறம் சொந்தத் திடல் அணி, மேலே விருந்தினர் அணி. மூலைவிட்டத்தைக் கறுப்பாக்கினால் மிஞ்சுவது 56 கட்டம். ஒவ்வொரு முடிவையும் கையால் நிரப்புங்கள். பிப்ரவரி நடுவில் அந்தப் பக்கத்தைப் பார்த்தால், யார் வெளியூரில் தடுமாறுகிறார்கள் என்பது கேட்காமலே தெரியும். கூட்டின் தரவரிசை அட்டவணையில் ‘எத்தனை ஆட்டம் பின்னால்’ என்றொரு நிரல் உண்டு. முதலிடத்து அணியோடு உள்ள வெற்றி வித்தியாசத்தையும் தோல்வி வித்தியாசத்தையும் கூட்டி இரண்டால் வகுங்கள். 2024-25இல் கொலம்பியா 13 வெற்றி, 1 தோல்வி. ஹார்வர்ட் 11, 3. வித்தியாசம் இரண்டும் இரண்டும் நான்கு, பாதி இரண்டு. ஹார்வர்ட் இரண்டு ஆட்டம் பின்னால்.

ஆட்டம் பார்க்கக் கிடைக்காத நாளில் கல்லூரிகளின் விளையாட்டுத் தளங்களில் புள்ளி விவரம் இருக்கும். யார் எத்தனை புள்ளி என்று மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். ஓர் அணிக்குப் பந்து எத்தனை முறை கையில் கிடைத்தது என்று கணக்கிடுங்கள்: வளையத்துக்கு எறிந்த எறிகளிலிருந்து, தன் தவறிய எறிகளில் தானே மீட்டெடுத்த பந்துகளைக் கழியுங்கள்; அதோடு பறிகொடுத்த பந்துகளையும், தண்ட எறிகளை (எதிரணியின் பிழைக்காகக் கிடைக்கும் எறிகள்) 0.44ஆல் பெருக்கி வருவதையும் சேருங்கள். 60 எறி, 10 மீட்பு, 14 பறிகொடுத்தல், 16 தண்ட எறி என்றால் ஏறக்குறைய 71. அந்த அணி 64 புள்ளி எடுத்திருந்தால் ஒரு வாய்ப்புக்கு 0.9. மெதுவாக ஆடும் அணியையும் மோசமாக ஆடும் அணியையும் பிரித்துக்காட்டும் கணக்கு இது. என் பெறாமகள் முதன்முதலில் ஆர்வத்தோடு தசமம் பெருக்கியது இதற்காகத்தான்.

ஐவி லீக்கின் தனி அழகு, வெள்ளியும் சனியும் அடுத்தடுத்த இரவுகளில் ஆடும் பழைய வழக்கம். வெள்ளி ஒரு நகரம், இரவோடிரவாகப் பயணம், சனி அடுத்த நகரம். முதல் இரவில் 35 நிமிடத்துக்கு மேல் ஆடியவர்களின் பெயரைக் குறித்துவையுங்கள். இரண்டாம் இரவின் கடைசிக் கால்பகுதியில் அவர்களுடைய எறி வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்புகிறதா என்று பாருங்கள். கால் களைத்தால் எறி குறுகும். கொழும்புச் சுகததாச உள்ளரங்கில் ஆடினாலும் இது மாறாது.

முதல் நான்கு அணிகள் மட்டும் இறுதிச் சுற்றுக்குப் போகும். அதை வெல்பவருக்கே 68 அணிகள் ஆடும் தேசியப் போட்டியில் நேரடி இடம். மற்றவர்கள் தேர்வுக் குழுவின் முடிவுக்குக் காத்திருக்கவேண்டும். சிறிய கூட்டுத்தானே என்று யாராவது சொன்னால் 1998ஐச் சொல்லுங்கள். பதினாறாம் தரநிலையில், அதாவது தன் பிரிவின் கடைசித் தரநிலையில், போன ஹார்வர்ட், முதல் தரநிலையிலிருந்த ஸ்டான்ஃபோர்டை அவர்கள் திடலிலேயே 71-67 என்று வீழ்த்தியது. ஹார்வர்டின் அலிசன் ஃபீஸ்டர் 35 புள்ளி. ஆண்கள் போட்டியில் அப்படியொரு வெற்றி வர 2018 வரை ஆனது.

2025 மார்ச்சில் மூன்றாமிடத்து ஹார்வர்ட் இறுதியில் கொலம்பியாவை வென்று நேரடி இடத்தை எடுத்துக்கொண்டது. என் பெறாமகள் கொப்பியை மூடிவைத்துவிட்டாள். பதினான்கில் பதின்மூன்றை வென்றவர்கள் வீட்டுக்குப் போவது என்ன நியாயம், பெரியம்மா, என்றாள். திங்கள் விடியற்காலை மறுபடி எழுந்தோம். தேர்வுக் குழுவின் பட்டியலில் ஹார்வர்ட், பிரின்ஸ்டன், கொலம்பியா மூன்றும் இருந்தன. கடைசிப் பக்கத்தில் அவள் மூன்று பெயரையும் எழுதி, கொலம்பியாவின் கீழ் அளவுகோல் வைத்து இரண்டு கோடு போட்டாள்.